கழுவும் வரை காத்திருக்கும் படம்

1897 ஜூலையில் ஸ்வீடனைச் சேர்ந்த மூன்று பேர் ஹைட்ரஜன் பலூனில் ஏறி வடதுருவத்தை நோக்கிப் புறப்பட்டார்கள். மூன்றாவது நாளே பலூன் பனிப்பாளத்தில் இறங்கிவிட்டது. வாரக்கணக்கில் பனியில் நடந்து க்விடோயா என்ற தீவை அடைந்தவர்கள் அங்கேயே இறந்துபோனார்கள். 33 ஆண்டுகள் கழித்து, 1930-ல், நார்வேக் கப்பல் ஒன்றில் வந்தவர்கள் அவர்களுடைய முகாமைக் கண்டுபிடித்தார்கள். உடல்களோடு, குழுவில் ஒருவரான நில்ஸ் ஸ்டிரிண்ட்பர்க் எடுத்த பிலிம்களும் கிடைத்தன. ஸ்டாக்ஹோமில் ஜான் ஹெர்ட்ஸ்பர்க் என்ற புகைப்பட வல்லுநர் அவற்றைப் பொறுமையாகக் கழுவினார். 240 படங்களில் 93 தேறின. பனியில் சரிந்து கிடக்கும் பலூனையும் அதைப் பார்த்தபடி நிற்கும் இருவரையும் உலகம் பார்த்தது.

கழுவாத பிலிமில் கண்ணுக்குத் தெரியும்படி எதுவும் இருக்காது. அப்படியானால் அந்த 33 ஆண்டுகளும் அதற்குள் எது இருந்தது?

கறுப்பு வெள்ளை பிலிம் என்பது பிளாஸ்டிக் பட்டையில் பூசிய ஜெலட்டின் படலம். அதற்குள் வெள்ளி புரோமைடு படிகங்கள் ஏராளமாகப் பரவியிருக்கும். ஒவ்வொரு படிகத்திலும் நூற்றுக்கணக்கான கோடி வெள்ளி அயனிகள். கேமராவின் ஷட்டர் திறக்கும் கணத்தில் ஒளி படிகத்தில் பட்டு எலெக்ட்ரானை விடுவிக்கிறது. அந்த எலெக்ட்ரான் படிகத்தில் ஓரிடத்தில் சிக்கி நிற்க, அதைத் தேடி ஒரு வெள்ளி அயனி நகர்ந்து வந்து, வெள்ளி அணுவாகிறது. அதே இடத்தில் ஏறத்தாழ நான்கு அணுக்கள் சேர்ந்துவிட்டால் போதும். அந்தப் படிகம் ஒளி கண்ட படிகம். இதுதான் உள்ளுறை பிம்பம். ரொனால்ட் கர்னியும் நெவில் மாட்டும் 1938-ல் இந்த விளக்கத்தைத் தந்தார்கள்.

எலெக்ட்ரான் சிக்கும் அந்த இடம் எப்படி உண்டாகிறது என்பதற்கு அதற்கு முன்பே விடை கிடைத்திருந்தது. ஒரு ஜெலட்டினில் செய்த பிலிம் ஒளியை உணர்வதில் வேகமாகவும் இன்னொன்றில் செய்தது மந்தமாகவும் இருப்பது தொழிற்சாலைகளுக்குப் பெரிய தலைவலி. கோடாக் ஆய்வகத்தின் சாமுவேல் ஷெப்பர்ட் 1920-களில் காரணத்தைப் பிடித்தார். ஜெலட்டின் மாட்டுத் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் வருவது. மாடு மேய்ந்த கடுகுக் குடும்பச் செடிகளிலிருந்த கந்தகச் சேர்மங்கள் துளியளவு அதில் தங்கியிருந்தன. அவை வெள்ளியோடு வினைபுரிந்து உண்டாக்கிய வெள்ளி சல்பைடுப் புள்ளிகள்தாம் படிகத்தின் ஒளியுணர்வைக் கூர்மையாக்கின. அதன் பிறகு கந்தகத்தை அளந்து சேர்க்கத் தொடங்கினார்கள்.

உள்ளுறை பிம்பத்தை வெளியே கொண்டுவரும் வேலை டெவலப்பருடையது. அது எலெக்ட்ரான்களைக் கொடுக்கும் கரைசல். நான்கு அணு சேர்ந்த படிகத்தில் அந்தப் புள்ளி வழியாக எலெக்ட்ரான்கள் புகுந்து, முழுப் படிகத்தையும் கறுப்பான உலோக வெள்ளியாக மாற்றிவிடும். நூறு கோடி மடங்கு அளவிலான பெருக்கம் இது. கோடாக்கின் புகழ்பெற்ற டி-76 கரைசலில் ஒரு லிட்டருக்கு மெட்டால் 2 கிராம், ஹைட்ரோகுயினோன் 5 கிராம், போராக்ஸ் 2 கிராம், சோடியம் சல்பைட் 100 கிராம்; அவ்வளவுதான். ஒளி படாத படிகங்களையும் டெவலப்பர் மெதுவாகத் தாக்கும் என்பதால் உரிய நேரத்தில் நிறுத்த வேண்டும். பிறகு ஹைப்போ என்ற கரைசல் எஞ்சிய வெள்ளி புரோமைடைக் கரைத்துவிடும். வெள்ளி உப்புகளை ஹைப்போ கரைக்கும் என்று 1819-லேயே கண்டறிந்தவர் ஜான் ஹெர்ஷல்.

இதையெல்லாம் இன்றும் நாமே செய்து பார்க்கலாம். பழைய கேமராவில் இன்றைய பிலிமைப் போட முடிகிறது என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். கோடாக் 1901-ல் பிரவுனி கேமராவுக்காகக் கொண்டுவந்த 120 ரோல் இன்றும் விற்பனையில் இருக்கிறது. நம் ஊர் வீடுகளில் புழங்கிய அக்ஃபா கிளிக் III கேமராவுக்கும் அதே ரோல்தான்; ஒரு ரோலுக்கு 12 சதுரப் படங்கள்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. இந்தக் கேமராக்களின் முதுகில், படத்தின் எண்ணைப் பார்க்க ஒரு சிவப்புக் கண்ணாடிச் சன்னல் இருக்கும். பிரவுனி வந்த காலத்துப் பிலிம் சிவப்பு ஒளியை உணராது. அதனால்தான் அந்தப் படங்களில் சிவந்த உதடு கறுத்துத் தெரிகிறது. சாயம் சேர்த்தால் பிலிம் மற்ற நிறங்களையும் உணரும் என்று ஹெர்மன் ஃபோகல் 1873-ல் கண்டறிந்தார். அந்த வழியில் வளர்ந்து வந்த இன்றைய பிலிம் சிவப்பையும் உணரும். எனவே சன்னலில் கறுப்பு டேப் ஒட்டி, ரோலைச் சுற்றும்போது மட்டும் நிழலில் திறந்து பார்ப்பதே நல்லது. பிலிமைக் கழுவும் டாங்கில் ஏற்றும்போதும் சிவப்பு விளக்கு கூடாது. முழு இருட்டில், விரல் தடவித்தான் ஏற்ற வேண்டும். சினிமாக்களில் காட்டும் சிவப்பு விளக்கு, பிரிண்ட் போடும் தாளுக்கு மட்டுமே ஒத்துவரும்.

பெரும்பாலான பழைய கேமராக்களில் ஒளிமானி கிடையாது. நல்ல வெயிலில் துவாரத்தை எஃப் 16-ல் வைத்து, பிலிமின் வேக எண்ணையே ஷட்டருக்கும் கொள்ள வேண்டும். 100 வேகப் பிலிமுக்கு நொடியில் நூறில் ஒரு பங்கு. சந்தேகம் வந்தால் ஒளியைச் சற்றுக் கூட்டலாம். நெகட்டிவ் பிலிம் கூடுதல் ஒளியைப் பொறுத்துக்கொள்ளும். நிழலில் நான்கு அணுகூடச் சேராத படிகத்தை எந்த டெவலப்பராலும் மீட்க முடியாது.

கழுவுவதில் வெப்பநிலை முக்கியம். இல்போர்டு எச்பி5 பிளஸ் பிலிமுக்கு ஐடி-11 டெவலப்பரில், 20 டிகிரி செல்சியஸில், ஏழரை நிமிடம். சென்னைக் கோடையில் குழாய்த் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டும். அந்தச் சூட்டில் டெவலப்பர் விரைந்து வேலை செய்வதால் கறுமை திட்டுத்திட்டாக விழும். ஜெலட்டினும் ஊதிப்போய் எளிதில் கீறல் படும். ஆகவே டாங்கையும் எல்லாக் கரைசல்களையும் ஐஸ் தண்ணீரில் வைத்து ஒரே குளிர்ச்சிக்குக் கொண்டுவர வேண்டும். 1960-ல் மத்திய அரசு நிறுவிய ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஊட்டியில் அமைந்ததும் அங்குள்ள குளிரையும் தூசு குறைந்த காற்றையும் கருதித்தான். ‘இந்து’ என்ற பெயரில் அங்கிருந்து பிலிமும் போட்டோத் தாளும் எக்ஸ்ரே பிலிமும் நாடெங்கும் போயின.

கலர் பிலிமில் வெள்ளி முழுவதும் வெளியேற்றப்பட்டு, சாயம் மட்டுமே மிஞ்சும். சாயம் காலப்போக்கில் வெளுக்கும். கறுப்பு வெள்ளையில் படமே வெள்ளிதான். 1960-களின் கல்யாண ஆல்பங்கள் தெளிவாக இருக்க, 1980-களின் கலர் ஆல்பங்கள் செம்மையேறிக் கிடப்பதற்கு இதுவே முக்கியக் காரணம். சில கறுப்பு வெள்ளைப் படங்கள் மஞ்சளாகவோ பழுப்பாகவோ மாறியிருந்தால், பெரும்பாலும் ஹைப்போ போகும்வரை தண்ணீரில் அலசாமல் விட்டிருப்பார்கள். தாளில் தங்கிய ஹைப்போவின் கந்தகம் பல ஆண்டுகளில் வெள்ளியை மெல்ல வெள்ளி சல்பைடாக மாற்றிவிடுகிறது.