பின்னக் கணக்கும் நீர்ப் பங்கீடும்

நம் நாட்டில் தசாம்ச நாணய முறை 1957ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் தேதி அமலுக்கு வந்தது. அதற்கு முன் ரூபாய் ஒன்றுக்கு 16 அணா. அணா ஒன்றுக்கு 12 பை. ஆக ஒரு ரூபாய்க்கு 192 பை. அந்த ரூபாயை மூவருக்குச் சமமாகப் பங்கிட்டால் ஒவ்வொருவருக்கும் 5 அணா 4 பை கிடைக்கும். மிச்சம் ஏதும் இராது. இன்றைய 100 காசுகளை மூவருக்குப் பங்கிட்டாலோ ஒரு காசு எஞ்சி நிற்கும். தசம முறையினால் கடைக் கணக்கும் அலுவலகக் கணக்கும் பெரிதும் எளிதாயின என்பதில் ஐயமில்லை. ஆயினும் பின்னக் கணக்கு இனித் தேவையில்லை என்று முடிவு செய்வது தவறாகும். காலம் இன்னும் 60 நிமிஷம், 24 மணி, 7 நாள் என்றே அளக்கப்படுகிறது. சொத்தும் நீரும் மூன்றில் ஒன்று, எட்டில் மூன்று என்றே பங்கிடப்படுகின்றன. இவ்விரண்டும் ஒன்று கூடும் இடத்தில் பின்னங்களைக் கூட்டவும் கழிக்கவும் அறியாதவர் பிறருக்கு நஷ்டம் விளைவிக்கக்கூடும். பஞ்சாப், ஹரியானா, வட ராஜஸ்தான் ஆகிய பிரதேசங்களின் கால்வாய்ப் பாசனம் இதற்குத் தக்க உதாரணமாகும்.

வாராபந்தி முறை

அப்பிரதேசங்களில் கிளைக் கால்வாயிலிருந்து வயல் வாய்க்காலுக்கு நீர் விடும் மதகிற்கு ‘மோகா’ என்று பெயர். ஒரு மோகாவிலிருந்து இரவும் பகலும் ஓடிவரும் நீர் முழுவதையும் ஒரு நேரத்தில் ஒரு விவசாயி மட்டுமே தம் வயலுக்குத் திருப்பிக்கொள்வார். அவருடைய முறை முடிந்ததும் அடுத்தவர் முறை தொடங்கும். ஏழு நாட்களுக்கு, அதாவது 168 மணிக்கு, ஒரு சுற்று முடியும். ஒவ்வொருவருக்கும் உரிய நேரம் அவரவர் நிலத்தின் பரப்பிற்கு ஏற்ப முன்னரே நிர்ணயிக்கப்பட்டுப் பட்டியலாக எழுதப்படும். இதுவே ‘வாராபந்தி’ எனப்படுவது. ஒருவருக்கே எப்போதும் நடுநிசி முறை வந்து சேராதிருக்கும் பொருட்டு, ஆண்டுக்கொருமுறை பட்டியல் 12 மணி நேரம் நகர்த்தப்படுவதும் உண்டு.

ஒரு மோகாவின் நீர் நான்கு குடும்பங்களுக்கு உரியது எனக் கொள்க. நடைமுறையில் பங்குதாரர்கள் மிகப் பலராயிருப்பர். எளிமை கருதி இங்கு நான்கு குடும்பங்களே கொள்ளப்பட்டன. மொத்த நிலத்தில் முதற் குடும்பத்திற்கு 1/4 பங்கு, இரண்டாவதற்கு 1/3, மூன்றாவதற்கு 3/8. எஞ்சிய சிறு நிலம் நான்காவது குடும்பத்தினுடையது. நான்காவது குடும்பத்தின் முறை எத்தனை மணி?

முதல் மூன்று பங்குகளையும் கூட்டி, அத்தொகையை முழுமையாகிய ஒன்றிலிருந்து கழிக்கவேண்டும் என்பது வெளிப்படை. கூட்டும் இடத்திலேதான் மாணவர்கள் தடுமாறுகின்றனர். தொகுதிகளைத் தனியே கூட்டி 5 என்றும், பகுதிகளைத் தனியே கூட்டி 15 என்றும் எழுதி, விடை 5/15, அதாவது 1/3 என்பர். இரண்டாவது குடும்பத்தின் பங்கு மட்டுமே 1/3 ஆயிருக்க, மூன்று குடும்பங்களும் சேர்ந்தும் 1/3 தானா என்று கேட்டால் போதும். பிழை அவர்களுக்கே புலப்பட்டுவிடும். விதியைத் திரும்ப ஒப்பிக்கச் சொல்வதைக் காட்டிலும் இக்கேள்வி பயன் தருவது.

மூன்று படியையும் நான்கு மரக்காலையும் சேர்த்து ஏழு என்று எவரும் சொல்லார். ஏழு படியா, ஏழு மரக்காலா என்ற கேள்வி உடனே எழும். பின்னத்தின் பகுதியும் அத்தகைய ஓர் அளவையின் பெயரே. தொகுதி அவ்வளவை எத்தனை உள்ளது என்பதைக் காட்டும் எண். காலும் மூன்றிலொன்றும் எட்டிலொன்றும் வெவ்வேறு அளவைகள். அவை மூன்றையும் மிச்சமின்றி அளக்கும் சிறிய அளவை ஒன்று வேண்டும். 4, 3, 8 ஆகியவற்றின் மீச்சிறு பொது மடங்கு 24. ஆகவே இருபத்துநான்கில் ஒன்று என்பதே அந்த அளவை. அதன்படி 1/4 என்பது 6/24. 1/3 என்பது 8/24. 3/8 என்பது 9/24. கூட்டுத்தொகை 23/24. எஞ்சுவது 1/24. 168 மணியில் 1/24 என்பது 7 மணி. மற்றவர்களுக்கு முறையே 42, 56, 63 மணி. நான்கும் சேர்ந்து 168 ஆவதைச் சரிபார்த்துக் கொள்ளலாம்.

மூன்று பகுதிகளையும் ஒன்றோடொன்று பெருக்கி 96 என்று வைத்துக்கொண்டாலும் விடை மாறாது. 92/96 என்பதும் 23/24 என்பதும் ஒன்றே. வேலை மட்டும் அதிகமாகும். பின்னங்களைக் கூட்டுவதற்கு மீச்சிறு பொது மடங்கைப் பயன்படுத்தும் முறையை, ராஷ்டிரகூட மன்னன் அமோகவர்ஷன் காலத்தில், 9ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த மகாவீராசாரியர் தமது ‘கணித சார சங்கிரகம்’ என்னும் நூலில் கூறியுள்ளார். தமிழ்நாட்டின் பழைய கீழ்வாய் இலக்கமும் இதே கருத்தின் மீது அமைந்ததே. மா என்பது 1/20, மாகாணி 1/16, காணி 1/80, முந்திரி 1/320. ஒரு மா 16 முந்திரி. ஒரு மாகாணி 20 முந்திரி. இரண்டும் சேர்ந்து 36 முந்திரி, அதாவது அரைக்காலுக்கு ஒரு காணி குறைவு. எல்லாவற்றையும் முந்திரியாக மாற்றிக்கொண்டால் பின்னம் என்ற அச்சமே இல்லை. ஆனால் அவ்வாய்பாட்டில் மூன்றிலொன்றுக்கு இடமில்லை.

தசமத்தில் எழுதினால் என்ன?

கணிப்பொறி கைக்கெட்டும் இக்காலத்தில், 1/4, 1/3, 3/8 என்பனவற்றை 0.25, 0.33, 0.38 என்று எழுதிக்கொண்டால் வேலை சுலபம் என்று சிலர் கருதலாம். அவ்வாறே செய்து பார்க்க. கூட்டுத்தொகை 0.96, எஞ்சுவது 0.04. 168 மணியில் இது 6.72 மணி, ஏறக்குறைய 6 மணி 43 நிமிஷம். நான்காவது குடும்பம் வாரந்தோறும் சுமார் 17 நிமிஷ நீரை இழக்கிறது. 26 வாரங்கள் நீர் ஓடினால் இழப்பு ஒரு முழு முறைக்கு மேலாகிவிடும். இரண்டாவது குடும்பமும் வாரத்திற்கு 34 நிமிஷம் இழக்கிறது என்பது உண்மையே. ஆனால் அதன் 56 மணியில் அது நூற்றுக்கு 1 மட்டுமே. நான்காவது குடும்பத்தின் இழப்போ நூற்றுக்கு 4. பெரிய பங்குடைய மூன்றாவது குடும்பத்திற்கு, கேளாமலே 50 நிமிஷம் கூடுதலாகச் சேர்கிறது. ‘மீதி’ என்று கழித்துக் காணப்படும் பங்கின் மீதே மற்றப் பங்குகளின் பிழைகள் வந்து குவியும். மீதி சிறியதாயின் அதன் பாரமும் மிகும். தசமம் வேண்டுமெனில், கூட்டலும் கழித்தலும் பின்னத்தில் முடிந்த பிறகு, கடைசி விடையை மட்டும் மாற்றிக்கொள்வதே முறை.

இனி நான்காவது குடும்பத்தினர் தங்கள் பங்கு 1/24 அன்று, 1/12 என்று வாதிப்பதாகக் கொள்க. 23/24 உடன் 2/24 சேர்ந்தால் 25/24 ஆகிறது. அப்போது வாரத்திற்கு 175 மணி வேண்டும்! நால்வர் கூறும் பங்குகளில் ஏதேனும் ஒன்றாவது பிழை என்பதைக் கூட்டல் ஒன்றே காட்டிக்கொடுத்து விடுகிறது. எது பிழை என்பதை நிலப் பதிவேடுதான் சொல்ல வேண்டும், கணக்கு சொல்லாது.

எதில் மூன்றிலொன்று?

சொற்களால் அமைந்த கணக்குகளில் எண்களைவிட அதிகக் கவனத்திற்குரியவை ‘இல்’, ‘மீதியில்’ போன்ற சிறு சொற்களாகும். மூன்றாவது குடும்பத்தின் 63 மணி மூன்று சகோதரர்களுக்குப் பிரிகிறது. ஏட்டில் இவ்வாறு எழுதப்பட்டுள்ளது: ‘மூத்தவருக்கு 1/3, மீதியில் பாதி இரண்டாமவருக்கு, எஞ்சியது இளையவருக்கு.’ ‘மீதியில்’ என்ற சொல்லைக் கவனியாத ஒருவர் 1/3 உடன் 1/2 ஐக் கூட்டி 5/6 என்று கண்டு, இளையவருக்கு 1/6 என்று எழுதிவிடுவார். கூட்டலில் பிழையில்லை, ஆனால் கூட்டத் தகாதவை கூட்டப்பட்டன. 1/3 என்பது 63 மணியின் பங்கு. 1/2 என்பதோ 42 மணியின் பங்கு. முழுமை வேறுபட்டால் பகுதிகளைச் சமமாக்கிப் பயனில்லை. 42இல் பாதி 21. அது 63இல் 1/3. ஆகவே 1/3, 1/3, 1/3; மூவருக்கும் 21 மணி. பிழையான கணக்கின்படி மூத்தவருக்கு 21, இரண்டாமவருக்கு 31 1/2, இளையவருக்கு 10 1/2 மணி. இளையவரின் நீரில் பாதி ஒரு சொல்லினால் போய்விடுகிறது.

இவ்வேறுபாட்டை வகுப்பில் விளக்குவதற்குப் பாஸ்கராசாரியர் 1150ஆம் ஆண்டில் இயற்றிய ‘லீலாவதி’யில் ஒரே பிரிவில் இரண்டு கணக்குகள் உள்ளன. ஒன்றில், ஒரு தாமரைக் குவியலில் 1/3, 1/5, 1/6, 1/4 பங்குகள் நான்கு தெய்வங்களுக்கு அர்ப்பணிக்கப்பட்டு, எஞ்சிய 6 மலர்கள் குருவிற்கு அளிக்கப்படுகின்றன. இங்கு எல்லாப் பங்குகளும் ஒரே குவியலைச் சேர்ந்தவை. ஆகையால் நேரே கூட்டலாம். 20/60, 12/60, 10/60, 15/60 சேர்ந்து 57/60, எஞ்சும் 3/60, அதாவது 1/20, ஆறு மலர், குவியல் 120. மற்றொன்றில், ஒரு யாத்திரிகர் தம் பொருளில் பாதியைப் பிரயாகையிலும், மீதியில் 2/9ஐக் காசியிலும், அதன் மீதியில் 1/4ஐ வழிச் சுங்கத்திற்கும், அதன் மீதியில் 6/10ஐக் கயையிலும் செலவிட்டு, 63 நிஷ்கங்களுடன் வீடு திரும்புகிறார். இவற்றை நேரே கூட்டினால் ஒன்றைத் தாண்டிவிடும், அதுவே எச்சரிக்கை. ஒவ்வொரு நிலையிலும் எஞ்சுவதைக் காணவேண்டும்: 1/2, அதில் 7/9, அதில் 3/4, அதில் 4/10. முடிவில் எஞ்சுவது முழுப்பொருளில் 7/60. அது 63 ஆகையால் முழுப்பொருள் 540 நிஷ்கம். கரும்பலகையில் ஒரு நீண்ட பட்டை வரைந்து, முதற் கணக்கிற்கு முழுப் பட்டையையும் 60 கூறாக்கியும், இரண்டாவதற்கு ஒவ்வொரு முறையும் எஞ்சிய பட்டையை மட்டும் கூறாக்கியும் காட்டினால், சிறுவர்களும் இவ்வேறுபாட்டைக் கண்ணால் காண்பர்.

மணியும் நிமிஷமும்

கள ஊழியர்களின் குறிப்பேடுகளில் 2 மணி 45 நிமிஷம் என்பது ‘2.45’ என எழுதப்படுவது வழக்கம். படிப்பதற்கு மட்டும் எனில் தீங்கில்லை. அதையே தசம எண்ணாகக் கருதிக் கூட்டினால் கணக்குக் கெடும். ஏனெனில் 2 மணி 45 நிமிஷம் என்பது 2 3/4 மணி, தசமத்தில் 2.75. ஒரு விவசாயிக்கு 10 1/2 மணி முறை. கோதுமைக்கு 2 3/4 மணியும் கடுகிற்கு 4 5/6 மணியும் செலவாயின. தீவன வயலுக்கு எஞ்சுவது எவ்வளவு? 2 9/12 உம் 4 10/12 உம் சேர்ந்து 7 7/12. இதை 10 6/12இலிருந்து கழிக்கவேண்டும். 6இலிருந்து 7ஐக் கழிக்க இயலாமையால் மாணவர்கள் திருப்பி 7இலிருந்து 6ஐக் கழித்து 3 1/12 என்று எழுதுவதுண்டு. அல்லது முழு எண் கழித்தலின் பழக்கத்தால் பத்தைக் கடன் வாங்குவர். இங்குக் கடனாகப் பெறும் ஒன்று 12/12 ஆகும். எனவே 9 18/12இலிருந்து 7 7/12 போக 2 11/12. அதாவது 2 மணி 55 நிமிஷம்.

உண்மையான வாராபந்திப் பட்டியலில் இன்னும் ஒரு நுட்பம் உண்டு. வறண்ட வாய்க்கால் நிரம்புவதற்குச் சிறிது நேரம் வீணாகும். அந்நேரம் ‘பராயி’ எனப்படும். அது உரியவரின் முறையோடு கூட்டப்படும். மோகா நீர் அடுத்தவருக்குத் திரும்பிய பின்னும் வாய்க்காலில் தங்கிய நீர் கடைக்கோடி வயலுக்கு வடிந்து கொண்டிருக்கும், அந்நேரம் ‘ஜராயி’. அது அவருடைய முறையிலிருந்து கழிக்கப்படும். மேற்கூறிய நான்கு குடும்பங்களுக்கும் சேர்த்துப் பராயி 2 1/2 மணி, ஜராயி 1/2 மணி எனின், பரப்பின்படி பங்கிட எஞ்சுவது 168 - 2 1/2 + 1/2, அதாவது 166 மணி. ஆகவே நான்காவது குடும்பத்தின் 1/24 இப்போது 7 மணி அன்று, 6 11/12 மணி. அக்குடும்பத்தின் வயல் கடைக்கோடியில் இருந்து, அதற்குப் பராயி 1/4 மணியும் ஜராயி முழுவதும் சேருமாயின், 6 11/12 உடன் 3/12 ஐக் கூட்டி 6/12 ஐக் கழிக்க 6 8/12 கிடைக்கும். பட்டியலில் அதன் பெயருக்கு எதிரே எழுதவேண்டிய நேரம் 6 மணி 40 நிமிஷம்.