வெளிநாட்டுப் பார்சல்: தாமதம் எங்கே, ஏமாற்று எங்கே?



சில வாரங்களுக்கு முன் ஜும்ஆ முடிந்து அலுவலகத்தைத் திறக்க வந்தபோது, திண்டிவனத்திலிருந்து ஒரு தாயும் மகளும் வாசலில் காத்திருந்தார்கள். மகளின் நிக்காஹுக்காக வெளிநாட்டு விற்பனையாளர் ஒருவரிடம் செல்போன் வழியாக அபாயா ஒன்று ஆர்டர் செய்து, முழுப் பணத்தையும் கட்டியிருக்கிறார்கள். பன்னிரண்டு நாளில் வரும் என்று சொன்ன பொருள் இருபத்தாறு நாளாகியும் வரவில்லை. இருபத்தேழாம் நாள் ஒரு போன் வந்திருக்கிறது. "டெல்லி கஸ்டம்ஸிலிருந்து பேசுகிறோம். உங்கள் பார்சல் இங்கே நிற்கிறது. 8,500 ரூபாய் வரி உடனே கட்டாவிட்டால் உங்கள் பெயரில் கேஸ் பதிவாகும்." பேசியவன் இந்தியில் பேச, அந்த அம்மாவுக்கு உருது வரும் என்பதால் பேச்சு தங்குதடையில்லாமல் போய்விட்டது. அவன் சொன்ன நம்பருக்கு ஜிபேயில் பணம் போய்ச் சேர்ந்தது.

அதற்குப் பதினொரு நாள் கழித்து, தபால்காரர் அந்தப் பார்சலோடு வீட்டு வாசலில் வந்து நின்றார். சில நூறு ரூபாய் வரியை வாங்கிக்கொண்டு ரசீதும் கொடுத்தார். நிக்காஹ் முடிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது.

அந்தக் குடும்பத்தின் சம்மதத்தோடு, பெயர் சொல்லாமல் இதை எழுதுகிறோம். "பார்சல் வரவேண்டியிருக்கிறது என்று அவனுக்கு எப்படித் தெரிந்தது?" என்று அந்த அம்மா கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டார்கள். அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. இப்படிப்பட்டவர்கள் கண்ணில் பட்ட நம்பருக்கெல்லாம் போன் செய்கிறார்கள். எதையும் ஆர்டர் செய்யாதவர் திட்டிவிட்டு வைத்துவிடுவார். காத்திருந்து காத்திருந்து மனம் சோர்ந்தவர்தான் சிக்குகிறார். ஆகவே பார்சல் ஏன் தாமதமாகிறது என்று தெரிந்துகொள்வதும், ஏமாறாமல் இருப்பதும் ஒரே விஷயம்தான்.

நம் ஊர்களில் பார்சல் வரவில்லை என்றால் முதல் பழி போஸ்ட் ஆபீஸ் மேல்தான் விழுகிறது. பெரும்பாலும் அது அநியாயமான பேச்சு. சென்னையிலிருந்து திண்டிவனம் சுமார் 120 கிலோமீட்டர், விழுப்புரம் 160. இந்தத் தூரத்துக்கு ஒரு மாதம் ஆகாது. தாமதம் அதற்கு வெகு முன்பே நடந்துவிடுகிறது.

'டெலிவரி இலவசம்' என்று விற்பவர் நம் பொட்டலத்தை அன்றைக்கே விமானத்தில் ஏற்றுவதில்லை. பல கடைகளின் பொட்டலங்கள் ஒரு கிடங்கில் சேர்ந்து, இந்தியாவுக்கான பை நிறையும்வரை அங்கேயே கிடக்கும். சில சமயம் நேராக வராமல் சிங்கப்பூர் போன்ற இடைவழியில் இறங்கி, அடுத்த விமானத்தில் இடம் கிடைக்கும்வரை நிற்கும். கூடுதல் கட்டணம் கட்டிய அவசரச் சரக்குக்கே முதலிடம். மலிவுத் தபால் மிச்சமிருக்கும் இடத்தில்தான் வரும்.

இவ்வளவு மலிவாக எப்படி அனுப்ப முடிந்தது என்பதற்கும் ஒரு கதை உண்டு. 1874இல் தொடங்கிய உலக அஞ்சல் ஒன்றியம் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் இருக்கிறது. இந்தியா 1876 முதல் அதில் உறுப்பினர். ஒரு நாட்டுத் தபாலை இன்னொரு நாட்டுத் தபால்காரர் வீட்டில் கொண்டுபோய்க் கொடுப்பதற்கு, அனுப்பும் நாடு எவ்வளவு தரவேண்டும் என்ற விதி அங்கேதான் வகுக்கப்படுகிறது. சீனா போன்ற நாடுகளுக்கு அந்தக் கட்டணம் வெகுகாலம் குறைவாக இருந்தது. ஒன்றியத்தை விட்டே விலகுவோம் என்று அமெரிக்கா 2018இல் அறிவித்த பிறகு, 2019 செப்டம்பரில் ஜெனீவாவில் கூடிய மாநாடு விதியை மாற்றியது. நூறு ரூபாய்ச் சாமான் கடல் தாண்டி இலவசமாக வந்த காலம் அதோடு சுருங்கத் தொடங்கியது.

இந்தியாவுக்குள் வரும் தபால், சென்னை, மும்பை, டெல்லி, கொல்கத்தா போன்ற நகரங்களில் உள்ள வெளிநாட்டு அஞ்சல் நிலையங்களில் இறங்குகிறது. அங்கே கஸ்டம்ஸ் அதிகாரிகள் பார்த்த பிறகுதான் நம் ஊருக்குப் புறப்படும். பொட்டலத்தின் மேல் சிஎன்-22 அல்லது சிஎன்-23 என்ற சீட்டு ஒட்டியிருக்கும். உள்ளே என்ன பொருள், என்ன விலை, எவ்வளவு எடை, விற்பனைப் பொருளா அன்பளிப்பா என்பதையெல்லாம் அனுப்பியவர் அதில் எழுதவேண்டும். அதில் எழுதியதும் எக்ஸ்ரேயில் தெரிவதும் ஒத்துப்போகாவிட்டால் பொட்டலம் ஓரமாக வைக்கப்படும்.

இதில் எங்கள் அனுபவத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். 2019 ரமளானில் நமது மக்தப் பிள்ளைகளுக்குப் பரிசு கொடுக்க, விரலில் மாட்டிக்கொள்ளும் டிஜிட்டல் தஸ்பீஹ் ஐம்பது வாங்கலாம் என்று முடிவு செய்தோம். இங்கே கடையில் கேட்ட விலையில் பாதிக்கும் குறைவாக வெளிநாட்டு விற்பனையாளர் ஒருவரிடம் கிடைத்தது. ரமளான் பிறப்பதற்கு முன்பே ஆர்டர் போட்டோம். பெருநாள் கழிந்து பதினோராம் நாள் வந்து சேர்ந்தது. பிள்ளைகளுக்கு அந்த வருடம் பேரீச்சம்பழப் பெட்டிதான் பரிசு. பின்னால் யோசித்தபோது காரணம் எங்களிடமே இருந்தது. ஒரே பொருள் ஐம்பது எண்ணிக்கையில் வந்தால் அது சொந்த உபயோகத்துக்கா, வியாபாரத்துக்கா என்று அதிகாரி கேட்காமல் இருப்பாரா?

அதைவிட எங்களை இன்றும் உறுத்துவது வேறொன்று. சீட்டில் 'கிஃப்ட்' என்று எழுதியிருந்தது. விலை கொடுத்து வாங்கிய பொருளுக்கு வரி தப்பிக்க விற்பவர் எழுதிய பொய் அது. அன்று சிரித்துக்கொண்டு பிரித்தோம். மக்தப் பிள்ளைகளின் பரிசுக்கு அப்படி ஒரு சீட்டு ஒட்டி வந்திருக்கக் கூடாது.

அந்தப் பொய் நம் ஒருவருக்கு மட்டும் எழுதப்பட்டதல்ல. அப்போது 20,000 ரூபாய் வரை மதிப்புள்ள அன்பளிப்புக்கு வரிவிலக்கு இருந்தது. வாங்கிய பொருட்கள் ஏராளமாக அந்த வழியில் வந்ததால், 2019 டிசம்பர் 12 அன்று வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகம் கதவை மூடியது. தபாலிலோ கூரியரிலோ அன்பளிப்பு என்ற சலுகையில் பொருள் வர முடியாது. உயிர்காக்கும் மருந்துக்கும் ராக்கிக் கயிற்றுக்கும் மட்டும் விலக்கு. ஆக, துபாயில் இருக்கும் மச்சானோ மலேசியாவில் இருக்கும் அண்ணனோ உண்மையாகவே அன்பாக அனுப்பும் அத்தர் பாட்டிலுக்கும் உரிய வரி உண்டு. பார்சல் நின்றால் "நம் வீட்டு கிஃப்டை யாரோ பிடித்து வைத்திருக்கிறார்கள்" என்று பதற வேண்டாம்.

அடுத்த வருடம் நிலைமை இன்னும் மாறியது. 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு தடை செய்த 59 செயலிகளில் ஷீன், கிளப் ஃபேக்டரி ஆகியவையும், நவம்பர் 24 அன்று தடையான 43 செயலிகளில் அலிஎக்ஸ்பிரஸும் இருந்தன. ஷீன் 2025 பிப்ரவரியில் ரிலையன்ஸ் மூலம் திரும்பி வந்திருக்கிறது. ஆனால் அந்தத் துணிகள் இங்கேயே தயாராகின்றன. அது வெளிநாட்டுப் பார்சல் கணக்கில் சேராது. இப்போது நம் வீட்டுப் பெண்கள் வெளிநாட்டுச் சாமான் வாங்குவது பெரும்பாலும் இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் விற்பனையாளர்களிடம்தான். பெரிய செயலியில் பணம் திரும்பப் பெறவாவது ஒரு வழி இருந்தது. வாட்ஸ்அப் நம்பருக்கு ஜிபே செய்தால் கையில் மிஞ்சுவது ஸ்கிரீன்ஷாட் மட்டுமே.

நமது ஃபிக்ஹில் முழு விலையையும் முன்னால் கொடுத்துவிட்டுப் பொருளைப் பின்னால் பெறும் வியாபாரத்துக்கு 'ஸலம்' என்று பெயர். பொருளின் தன்மையும் அளவும் தெளிவாக இருக்கவேண்டும். தவணை பேசினால் அது எந்த நாள் என்று தெரிந்திருக்கவேண்டும். மத்ரஸாவில் ஓதிய காலத்தில் கோதுமையையும் பேரீச்சம்பழத்தையும் வைத்துத்தான் உஸ்தாத் இதை விளக்குவார்கள். '10 முதல் 45 நாட்களுக்குள்' என்று போடுகிறவரிடம் நிக்காஹ் உடையை ஆர்டர் செய்யும்போது அந்தப் பாடம் ஞாபகத்துக்கு வருகிறது. நாள் குறித்த காரியத்துக்குத் தேவையான பொருளை வெளிநாட்டிலிருந்து மலிவுத் தபாலில் வரவழைக்காதீர்கள் என்பதே எங்கள் யோசனை. விழுப்புரம் கடைத்தெருவில் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாலும் பொருளைக் கையில் தொட்டு வாங்கலாம்.

ஏற்கெனவே ஆர்டர் செய்துவிட்டவர்கள் முதலில் டிராக்கிங் நம்பரைப் பாருங்கள். தபால் வழி என்றால் அது 13 இடம் கொண்டது: முதலில் இரண்டு ஆங்கில எழுத்து, நடுவில் ஒன்பது எண், கடைசியில் இரண்டு எழுத்து. கடைசி இரண்டு, அனுப்பிய நாட்டைக் காட்டும். சிஎன் என்றால் சீனா, எஸ்ஜி சிங்கப்பூர், எம்ஒய் மலேசியா, ஏஇ அமீரகம். முதல் எழுத்து 'இ' என்றால் விரைவுத் தபால், 'ஆர்' என்றால் பதிவுத் தபால், 'சி' என்றால் பார்சல். 'யு' என்று தொடங்கினால் வழிநெடுகப் பதிவு செய்யாத மலிவுத் தபால். பல நாள் ஒரு தகவலும் காட்டாது. காட்டவில்லை என்பதற்காகத் தொலைந்துவிட்டது என்று அர்த்தமில்லை. துபாயிலிருந்து அனுப்பினேன் என்கிறவர் கொடுத்த நம்பர் சிஎன் என்று முடிந்தால், பொருள் எங்கிருந்து வருகிறது என்பது உங்களுக்கே விளங்கிவிடும்.

முகவரியிலும் நம் பக்கம் தவறு உண்டு. 'பள்ளிவாசல் தெரு' என்று மட்டும் எழுதினால் எந்தப் பள்ளிவாசல்? திண்டிவனம் 604001, விழுப்புரம் 605602 என்று பின்கோடு சரியாக இருக்கட்டும். 605 என்ற தொடக்கம் புதுச்சேரிக்கும் உண்டு; கடைசி மூன்று எண்ணில் ஒன்று தவறினாலும் பார்சல் அந்தப் பக்கம் போய்த் திரும்பும்.

தனியார் கூரியரில் வந்தால் வேறொரு சிக்கல். கஸ்டம்ஸில் எடுக்க அவர்கள் ஆதார், பாஸ்போர்ட் போன்ற ஒரு அடையாளச் சான்று கேட்பார்கள். அது சட்டப்படியான வழக்கம்தான். ஆனால் நம்மில் பலருக்கு ஆதாரில் ஒரு 'முஹம்மது', பாஸ்போர்ட்டில் ஒரு 'முஹம்மது', ஆர்டரில் 'எம்.டி.' என்று ஒரு சுருக்கம். மூன்றுக்கும் ஆங்கில எழுத்து வெவ்வேறு. பெயர் ஒத்துப்போகாததால் பார்சல் நிற்பதை நாங்கள் இந்த அலுவலகத்திலேயே பலமுறை பார்த்துவிட்டோம். அடையாளச் சான்றில் உள்ள எழுத்துப்படியே ஆர்டரிலும் பெயர் எழுதுங்கள். சான்றை, நீங்களாகத் தேடிப் போகும் அந்தக் கூரியர் கம்பெனியின் இணையதளத்தில் மட்டும் கொடுங்கள். எஸ்எம்எஸ்ஸில் வந்த இணைப்பில் கொடுக்காதீர்கள்.

சில பொருட்கள் எவ்வளவு காத்திருந்தாலும் வராது. இ-சிகரெட் 2019 முதலும், ட்ரோன் இறக்குமதி 2022 முதலும் தடை. பொம்மைகளுக்கு 2021 ஜனவரி முதல் இந்தியத் தர முத்திரை கட்டாயம். மருந்து என்றால் டாக்டர் சீட்டோடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் அனுமதியும் வேண்டும்.

தாமதம் எதிர்த் திசையிலும் நடக்கிறது. அமெரிக்கா 800 டாலர் வரை இருந்த வரிவிலக்கை 2025 ஆகஸ்ட் 29 முதல் நீக்கியது. அதனால் நமது அஞ்சல்துறை ஆகஸ்ட் 25 முதல் அங்கே பெரும்பாலான பார்சல்களை ஏற்பதை நிறுத்தி, அக்டோபர் 15 அன்றுதான் மீண்டும் தொடங்கியது. அந்த ஏழு வாரமும் கவுண்டரில் இருந்த ஊழியர்தான் ஏச்சு வாங்கினார்.

இனி முக்கியமான விஷயம். தபாலில் வரும் பொருளுக்கு வரி இருந்தால், அதை நம் ஊர் தபால்காரரிடமோ போஸ்ட் ஆபீஸிலோ, பொருளைப் பெறும்போது ரசீதோடு கட்டுகிறோம். கஸ்டம்ஸ் அதிகாரி யாரும் போன் செய்து தனிநபர் கணக்குக்குப் பணம் அனுப்பச் சொல்வதில்லை. கஸ்டம்ஸின் எழுத்துப்பூர்வ நோட்டீஸில் 'டின்' என்ற ஆவண எண் இருக்கும். அது உண்மையா என்பதை அத்துறையின் இணையதளத்தில் சரிபார்க்கலாம். "உங்கள் பார்சல் கிடங்குக்கு வந்துவிட்டது, 48 மணி நேரத்துக்குள் முகவரியைத் திருத்துங்கள்" என்று இந்தியா போஸ்ட் பெயரில் வரும் எஸ்எம்எஸ்ஸும் போலி. "உங்கள் பார்சலில் போதைப்பொருள் இருக்கிறது, வீடியோ காலை விட்டு நகராதீர்கள்" என்பவன் சொல்லும் 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று ஒன்று சட்டத்திலேயே கிடையாது. பணம் போய்விட்டால் வீட்டில் கலந்து பேசிக்கொண்டிருக்காமல் அந்த நிமிடமே 1930க்கு அடியுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குக்கு நகர்வதற்கு முன் தெரிவித்தால்தான் நிறுத்திவைக்க வழியுண்டு.

விற்பவர் பொருளும் தராமல் பணமும் தராமல் இழுத்தடித்தால் அதற்கு வேறு வழி. 2020 ஜூலையில் வந்த மின்வணிக விதிகள், இந்தியர்களுக்குத் தொடர்ந்து விற்கும் வெளிநாட்டு நிறுவனத்துக்கும் பொருந்தும். புகாரைப் பெற்றதாக 48 மணி நேரத்தில் தெரிவிக்கவேண்டும். ஒரு மாதத்தில் தீர்வு சொல்லவேண்டும். கேட்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேல் விழுப்புரம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு வழக்குக் கட்டணம் இல்லை. ஆனால் செயலிகளில் புகார் செய்வதற்கு ஒரு கெடு உண்டு. "இன்னும் பத்து நாள் பொறுங்கள் மேடம்" என்று விற்பவர் இனிமையாகச் சொல்வது அந்தக் கெடு தாண்டுவதற்காகவும் இருக்கலாம். ஆர்டர் போட்ட அன்றே அந்தத் தேதியை காலண்டரில் எழுதிவையுங்கள்.

திண்டிவனத்துக் குடும்பம் எங்களிடம் வந்தபோது பணம் போய் இரண்டு வாரம் ஆகியிருந்தது. 1930இல் புகார் பதிவு செய்து கொடுத்தோம். பணம் இன்னும் திரும்பவில்லை. இதுபோன்ற போன் வந்தவர்களோ, பார்சல் நின்றவர்களோ டிராக்கிங் நம்பர், பணம் கட்டிய விவரம், ஆதார் நகல் மூன்றையும் எடுத்துக்கொண்டு ஜும்ஆ முடிந்ததும் அலுவலகத்துக்கு வாருங்கள். அஸர் வரை இருப்போம். ஆன்லைன் புகார் எழுதத் தெரிந்த நம் கல்லூரிப் பிள்ளைகள் இருவர் உதவிக்கு இருக்கிறார்கள்.