‘என்றார்’, ‘ஒப்புக்கொண்டார்’, ‘கூறப்படுகிறது’... செய்தியின் கடைசி வார்த்தையை ஏன் கவனிக்கணும்?

இந்த இரண்டு வரிகளையும் படிச்சுப் பாருங்க.

“சாலைப் பணியில் முறைகேடு நடந்துள்ளது.”

“சாலைப் பணியில் முறைகேடு நடந்துள்ளதாக கவுன்சிலர் குற்றம்சாட்டினார்.”

ரெண்டும் ஒரே செய்தி மாதிரிதான் தெரியும். ஆனா இல்லை. முதல் வரி, முறைகேடு நடந்தது உறுதி என்கிறது. இரண்டாவது வரியில் உறுதியானது ஒன்றே ஒன்றுதான்: கவுன்சிலர் அப்படிச் சொன்னார் என்பது. முறைகேடு உண்மையா என்பது விசாரணையில்தான் தெரியும்.

தமிழில் வினைச்சொல் பெரும்பாலும் வாக்கியத்தின் கடைசியில்தான் வரும். அதனால் பாதி வரியைப் படிச்சுட்டு அடுத்த செய்திக்குப் போனால், ஒருவர் சொன்ன புகார் நம் மனதில் நடந்த சம்பவமாகப் பதிந்துவிடும்.

எந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்?

என்றார், கூறினார், தெரிவித்தார்: இவை நடுநிலையான சொற்கள். அவர் சொன்னார், அவ்வளவுதான். உண்மையா பொய்யா என்று செய்தி எதுவும் சொல்லவில்லை.

குற்றம்சாட்டினார், புகார் தெரிவித்தார்: இன்னொருவர் மீது சொல்லப்பட்டது, இன்னும் நிரூபிக்கப்படாதது. எதிர்த்தரப்பின் பதிலும் அதே செய்தியில் இருக்கிறதா என்று பாருங்க.

சுட்டிக்காட்டினார், அம்பலப்படுத்தினார்: இங்கேதான் உஷார் தேவை. இல்லாத ஒன்றைச் சுட்டிக்காட்ட முடியாது. அதனால் இந்தச் சொற்களைப் போட்டாலே, அவர் சொன்னது உண்மை என்று செய்தியும் ஏற்றுக்கொண்ட மாதிரி ஆகிவிடும்.

மழுப்பினார், கொந்தளித்தார்: இது பேசியவரின் வார்த்தை அல்ல, எழுதியவரின் கணிப்பு. “கேள்விக்குப் பதில் அளிக்கவில்லை” என்பது தகவல். “மழுப்பினார்” என்பது கருத்து.

‘ஒப்புக்கொண்டார்’ ஏன் கனமான வார்த்தை?

“கைதானவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார்” என்ற வரியை அடிக்கடி பார்க்கிறோம். படிச்ச உடனே ‘வழக்கு முடிஞ்சது’ என்று நினைக்கிறோம். சட்டம் அப்படி நினைப்பதில்லை.

போலீஸ் அதிகாரியிடம் ஒருவர் அளிக்கும் குற்ற ஒப்புதலை அவருக்கு எதிரான ஆதாரமாக நீதிமன்றத்தில் பயன்படுத்த முடியாது. 1872-ம் ஆண்டு இந்திய சாட்சியச் சட்டத்தின் 25-வது பிரிவு இதைச் சொன்னது. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 23-வது பிரிவும் இதையேதான் சொல்கிறது. போலீஸ் காவலில் இருக்கும்போது கொடுக்கும் ஒப்புதல் என்றால், மாஜிஸ்திரேட் முன்னிலையில் கொடுத்திருக்க வேண்டும். ஒருவேளை, அவர் சொன்ன தகவலை வைத்து ஆயுதமோ திருட்டு நகையோ மீட்கப்பட்டால், அந்த மீட்புடன் நேரடியாகத் தொடர்புள்ள பகுதியை மட்டும் பயன்படுத்தலாம்.

அப்படியென்றால் சரியான வாக்கியம் எது? “குற்றத்தை ஒப்புக்கொண்டதாக போலீசார் தெரிவித்தனர்.” இப்போது, இது யாருடைய தகவல் என்பது தெளிவு. ‘போலீசார் தெரிவித்தனர்’ என்ற இரண்டு வார்த்தை விடுபட்டால், தீர்ப்பு வரும் முன்பே ஒருவர் குற்றவாளி ஆகிவிடுகிறார். பிறகு அவர் விடுதலையானாலும் பழைய செய்தியின் ஸ்கிரீன்ஷாட் சுற்றிக்கொண்டேதான் இருக்கும்.

‘நான்’ என்றால் யார்?

ஒரு அதிகாரி பேட்டியில் இப்படிச் சொல்வதாக வைத்துக்கொள்வோம்: “நான் பணம் வாங்கினேன் என்று அவர் சொல்கிறார்.”

பணம் வாங்கியது யார்? அதிகாரி மீது ‘அவர்’ புகார் சொல்கிறார் என்றும் படிக்கலாம். ‘அவரே’ தான் வாங்கியதைச் சொல்கிறார் என்றும் படிக்கலாம். பேச்சில் குரலை வைத்துப் புரிந்துவிடும். எழுத்தில் குரல் கிடையாது.

பள்ளியில் படித்த நேர்க்கூற்று, அயற்கூற்று பாடம் இங்கேதான் கைகொடுக்கும். “நான் பணம் வாங்கியதாக அவர் சொல்கிறார்” என்றால் புகார் அதிகாரி மீது. “தான் பணம் வாங்கியதாக அவர் சொல்கிறார்” என்றால் வாங்கியது ‘அவர்’. ‘நான்’, ‘தான்’ என்ற ஒரே ஒரு எழுத்து மாற்றத்தில் ஆளே மாறிவிடுகிறார்.

‘கூறியதாவது’ முதல் ‘இவ்வாறு அவர் கூறினார்’ வரை

தமிழ்ச் செய்திகளில் இது பழகிப்போன வடிவம். “செய்தியாளர்களிடம் அவர் கூறியதாவது” என்று தொடங்கி, நாலைந்து பத்திகள் கழித்து “இவ்வாறு அவர் கூறினார்” என்று முடியும். இடையில் உள்ள அத்தனையும் பேசியவரின் கருத்து. நடுவில் ஒரு பத்தியை மட்டும் வெட்டி வாட்ஸ்அப்பில் போட்டால், அது செய்தி நிறுவனமே உறுதி செய்த தகவல் போல ஆகிவிடும். பல வதந்திகள் பிறப்பது இப்படித்தான்.

‘கூறப்படுகிறது’ என்றால் யார் கூறியது?

பேச்சில் நாம் ‘ஆம்’ சேர்த்துச் சொல்வோம். “நாளைக்கு ஸ்கூல் லீவாம்.” காதில் விழுந்தது, நான் உறுதி சொல்லமாட்டேன் என்று அர்த்தம். அந்த ‘ஆம்’தான் செய்தியில் ‘கூறப்படுகிறது’, ‘சொல்லப்படுகிறது’ என்று வருகிறது. பெயரைச் சொல்ல முடியாத நியாயமான சூழ்நிலைகள் உண்டு. ஆனா செய்தி முழுக்க அதுவே இருந்தால், பொறுப்பேற்க யாரும் இல்லை என்று அர்த்தம்.

‘கூறப்படுகிறது’ என்று போட்டுவிட்டால் சட்டத்திடமிருந்து தப்பிக்கலாமா? அப்படி எந்த உத்தரவாதமும் கிடையாது. ஒருவரைப் பற்றிய அவதூறை, அடுத்தவர் சொன்னதாகச் சொல்லிப் பரப்பினாலும் சிக்கல்தான். பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-வது பிரிவின்படி அவதூறுக்கு 2 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை விதிக்கலாம்.

பகிர்வதற்கு முன் 3 கேள்விகள்

1. இதைச் சொன்னது யார்? பெயரோ பதவியோ இருக்கிறதா?
2. கடைசி வார்த்தை என்ன? சொன்னாரா, குற்றம்சாட்டினாரா, ஒப்புக்கொண்டாரா?
3. நான் பகிரும் பகுதியில் அந்த வார்த்தை இருக்கிறதா, வெட்டுப்பட்டுவிட்டதா?

மூன்றாவது கேள்விக்கு ‘வெட்டுப்பட்டுவிட்டது’ என்பது பதிலானால், முழுச் செய்தியின் லிங்க்கை அனுப்புங்க. ஸ்கிரீன்ஷாட் வேண்டாம்.