மார்பகப் புற்றுநோய்ப் பரவலும் புரதங்களின் பிணைவும்

மார்பகப் புற்றுநோயால் நேரும் இறப்புகளுள் பெரும்பாலானவை மார்பகத்தில் நிற்கும் கட்டியால் நேர்வன அல்ல. எலும்பு, நுரையீரல், கல்லீரல், மூளை முதலிய உறுப்புகளுக்கு நோய் பரவுதலால் நேர்வனவாம். அப்பரவலில் புரதங்களுக்குள்ள பங்கினை ஈண்டு ஆராய்வோம்.

1889-ஆம் ஆண்டில் இலண்டன் மருத்துவர் ஸ்டீபன் பாஜெட் என்பார், இந்நோயால் இறந்த 735 பெண்டிரைப் பற்றிய குறிப்புகளை ஒப்புநோக்கினார். கல்லீரலில் பரவல் மிகுந்தும் மண்ணீரலில் மிகக் குறைந்தும் இருக்கக் கண்டார். குருதியோட்டம் ஒன்றே காரணமாயின் இவ்வேறுபாடு தோன்றாது. ஆதலின், விதை எங்கு விழினும் தனக்கேற்ற நிலத்திலேயே முளைக்கும் என்னும் கொள்கையை வெளியிட்டார்.

விதைக்கும் நிலத்திற்கும் உள்ள அப்பொருத்தம் யாது? மரபணுவின் கட்டளைப்படி உயிரணுவில் ஒரு புரதம் ஆக்கப்பெறுதலை 'வெளிப்பாடு' என்கிறோம். மார்பகப் புற்றணுக்களில் சிஎக்ஸ்சிஆர்4 என்னும் ஏற்பிப் புரதம் மிகுதியாக வெளிப்படுகின்றது. அதனோடு பிணையும் சிஎக்ஸ்சிஎல்12 என்னும் புரதம் நுரையீரல், கல்லீரல், எலும்பு மச்சை ஆகியவற்றில் மிகுந்துள்ளது. 2001-இல் வெளிவந்த ஆய்வொன்று இதனைக் காட்டிற்று. பின்னது முன்னதை ஈர்க்க, புற்றணு அவ்வுறுப்புகளை நாடுகின்றது.

அங்ஙனமாயின், புரதத்தின் அளவு ஒன்றே கொண்டு பரவலை அறுதியிடலாமோ எனின், இயலாது. அடுத்தடுத்த உயிரணுக்களைப் பிணைத்து நிறுத்துவது ஈ-காடெரின் என்னும் புரதம். இஃது ஒழிந்தால் அணுக்கள் பிரிந்து பரவும் என்பது நெடுநாட் கருத்து. பால்மடலில் தோன்றும் புற்று வகை பெரும்பாலும் இப்புரதத்தை இழந்தே பரவுகின்றது. ஆனால், பால்நாளப் புற்றினை எலிகளில் ஆராய்ந்து 2019-இல் வெளியிடப்பெற்ற முடிவு வேறு: ஈ-காடெரினை நீக்கியபோது, அணுக்கள் அண்டைத் திசுக்களுள் ஊடுருவுதல் மிகுந்தது, எனினும் அவை பிழைத்திருக்கும் ஆற்றல் குன்றவே, தொலைவுறுப்புகளிற் பரவுதல் குறைந்தது. ஒரே புரதம் ஓரிடத்துத் தடையாகவும் பிறிதோரிடத்துத் துணையாகவும் நிற்றல் காண்க.

பிணைவின் முதன்மைக்கு ஹெர்2 என்னும் புரதமும் சான்றாகும். இது ஹெர்3 என்னும் புரதத்தோடு இணையும்போது வளர்ச்சிக் குறிப்பினை மிக வலிதாகச் செலுத்துகின்றது. அவ்விணைவைத் தடுக்கும் பெர்டுசுமாப் என்னும் மருந்து 2012-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது.

இடைச்சொல்லின் பொருளை அது சார்ந்து நிற்கும் சொல்லை நோக்கியே தெளிகின்றோம். புரதத்தின் செயலும் அத்தகையதே. அஃது எவ்வளவு உளது என்பதனோடு, எதனோடு எவ்விடத்துப் பிணைந்துளது என்பதையும் ஆராய்ந்தாலன்றிப் பரவலைத் தடுக்கும் வழி புலப்படாது என்பதே நம் துணிபு.