அக்கரையில் ராக்கெட், இக்கரைக்கு என்ன?



ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் கிளம்பும் நாட்களில் தோணிரேவு பிள்ளைகள் எல்லாரும் வானத்தைத்தான் பார்க்கிறார்கள். பார்ப்பதற்குப் பெருமையாகத்தான் இருக்கிறது. அதே நாளில், பாதுகாப்புக்காகக் குறிப்பிட்ட கடல் பகுதிக்குள் போகக் கூடாது என்று படகுகளுக்குத் தடை வருகிறது. அன்றைய வருமானம் போய்விடுகிறது. 1971 அக்டோபரில் அந்தத் தீவிலிருந்து முதல் சிறு ராக்கெட் கிளம்புவதற்கு முன்பே, அங்கு வாழ்ந்த குடும்பங்கள் ஊரை விட்டு வெளியேற வேண்டியிருந்தது. இந்த முன்னேற்றத்துக்கு ஏரியைச் சுற்றியுள்ள மக்கள் தங்கள் பங்கைக் கொடுத்திருக்கிறார்கள். அதனால், நமக்குத் திரும்ப வருவது என்ன என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

வருவது இல்லாமல் இல்லை. 2009 செப்டம்பர் 23-இல் ஓஷன்சாட்-2 செயற்கைக்கோளும், 2022 நவம்பர் 26-இல் அதன் வரிசையில் அடுத்ததும் இங்கிருந்துதான் ஏவப்பட்டன. இவை கடலின் நிறத்தைப் பார்க்கின்றன. நீரில் நுண்ணிய பாசி அதிகமானால் நிறம் மாறும். பாசி உள்ள இடத்துக்குச் சிறு மீன் வரும், அதைத் தேடிப் பெரிய மீன் வரும். கடல் மேற்பரப்பின் வெப்ப அளவையும் இதனுடன் சேர்த்துப் பார்த்து, ஹைதராபாத்தில் உள்ள 'இன்காய்ஸ்' என்ற மத்திய அரசு நிறுவனம் மீன் கூடக்கூடிய இடங்களைக் கணிக்கிறது. கரையிலிருந்து எந்தத் திசை, எத்தனை கிலோமீட்டர், எவ்வளவு ஆழம் என்று தமிழிலும் அறிவிக்கிறது. இதற்குக் கட்டணம் கிடையாது. அலை உயரம், பலத்த காற்று பற்றிய எச்சரிக்கைகளும் அங்கிருந்து வருகின்றன.

இதன் எல்லையையும் தெரிந்துகொள்ள வேண்டும். மேகம் மூடினால் செயற்கைக்கோளுக்குக் கடல் தெரியாது. மீன் கூட வாய்ப்பு உண்டு என்றுதான் அறிவிப்பு சொல்கிறது. வலையில் விழும் என்று சொல்லவில்லை. இது கடலுக்கானது, ஏரிக்கு உதவாது. ஏரியில் இறால் பிடிக்கும் குடும்பத்தின் கவலை, முகத்துவாரம் மணலால் தூர்ந்துபோவதுதான். எனவே வன்னி, தெண்டி என்று நீரோட்டம் பார்த்துச் சொல்லும் பெரியவர்களின் அறிவை ஒதுக்கிவிட்டு, போனை மட்டும் நம்பிக் கடலுக்குப் போவது புத்திசாலித்தனம் ஆகாது.

மீனை விட முக்கியமானது உயிர். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வந்தபோது கன்னியாகுமரி, கேரள மீனவர்கள் பலர் ஆழ்கடலில் இருந்தார்கள். கரையில் எச்சரிக்கை சொல்லப்பட்டது. செல்போன் சிக்னல் எட்டாத தூரத்தில் இருந்தவர்களுக்கு அது போய்ச் சேரவில்லை. நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள், காணாமல் போனார்கள். வானத்தில் செயற்கைக்கோள்கள் இருந்தன. படகில் அவற்றின் பேச்சைக் கேட்கும் கருவி இல்லை.

அதற்குப் பிறகு 2019-இல் 'ஜெமினி' என்ற கருவி வந்தது. அது எச்சரிக்கையைப் படகுக்குக் கொண்டுவரும். ஆனால் படகிலிருந்து பதில் அனுப்ப முடியாது. அடுத்து, இருபுறமும் செய்தி அனுப்பக்கூடிய டிரான்ஸ்பாண்டரை இஸ்ரோ உருவாக்கியது. ஒரு லட்சம் படகுகளில் அதைப் பொருத்த 364 கோடி ரூபாய்த் திட்டம் 2024 ஆகஸ்ட் 30-இல் தொடங்கப்பட்டது. கணக்குப் போட்டால் ஒரு படகுக்குச் சுமார் 36,400 ரூபாய். ஒரு மனித உயிருக்கு முன் இது பெரிய தொகை அல்ல. ஆனால் ஒக்கிக்கும் இந்தத் தொடக்கத்துக்கும் இடையே ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் ஓடிவிட்டன. ராக்கெட் விண்வெளியை எட்டச் சில நிமிடங்கள் போதும். அதன் பலன் ஒரு ஃபைபர் படகை எட்டத்தான் இத்தனை காலம்.

தொழில்நுட்பத்தை அது எவ்வளவு உயரம் போகிறது என்று அளப்பதை விட, கடைசி வீட்டுக்கு எப்போது வந்து சேர்கிறது என்று அளப்பதே நியாயம் என்பது எங்கள் கருத்து.

இப்போது விண்வெளி வியாபாரமாகவும் ஆகிவருகிறது. 2020-க்குப் பின் தனியார் நிறுவனங்களுக்கு வழி திறந்தது. சென்னை ஐஐடியில் வளர்ந்த 'அக்னிகுல்' நிறுவனம், முப்பரிமாண அச்சு முறையில் ஒரே துண்டாகச் செய்த எஞ்சினுடன் 2024 மே 30-இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தன் ராக்கெட்டை ஏவியது. நம் பிள்ளைகள் வயதை ஒத்த இளைஞர்களின் உழைப்பு அது. மகிழ்ச்சியே. வியாபாரம் ஹலாலானது, லாபம் தவறல்ல. ஆனால் புயல் எச்சரிக்கையும் கடல் நிலவரமும் விலைப்பொருளாகிவிடக் கூடாது. மக்கள் வரிப்பணத்தில் பிறந்த தகவல் மக்களுக்கு இலவசமாகவே இருக்க வேண்டும். அதே தகவலை ஒரு செயலியில் போட்டு மாதச் சந்தா கேட்பவர்களிடம் ஏமாற வேண்டாம்.

இன்னொன்று. மீன் இருக்கும் இடம் எல்லாருக்கும் தெரிந்து, எல்லாரும் ஒரே இடத்தில் வலை போட்டால், நாளை என்ன மிஞ்சும்? நம் ஏரியில் மீனவக் கிராமங்கள் காலங்காலமாகப் 'பாடு' முறையை வைத்திருக்கின்றன. இன்று இவருக்கு இந்த இடம், நாளை அவருக்கு என்று முறை வைத்துப் பகிர்வது அது. எந்தச் செயற்கைக்கோளும் இந்த நீதியைக் கற்றுத்தராது. கருவி மீனைக் காட்டும். பங்கிட்டு உண்ண மனிதர்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

நாம் செய்யக்கூடியவை சில உண்டு. போன் பார்க்கத் தெரிந்த இளைஞர் ஒருவர், தினமும் மாலையில் கடல் நிலவரத்தைப் பள்ளிவாசல் பலகையிலும் படகுத்துறையிலும் எழுதிப் போடலாம். எந்தச் சமூகத்தவர் படகாக இருந்தாலும் அது பயன்படும். உங்கள் படகுக்கு டிரான்ஸ்பாண்டர் வந்துவிட்டதா என்று மீன்வளத் துறையில் எழுத்து மூலம் கேளுங்கள். மனு எழுத அறக்கட்டளை உதவும். கடலில் ஆபத்து என்றால் கடலோரக் காவல்படையின் 1554 எண்ணையும், தமிழகக் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093 எண்ணையும் வீட்டுச் சுவரில் எழுதி வையுங்கள். கடலுக்குப் போனவர் வரத் தாமதமானால், கரையில் காத்திருக்கும் வீட்டுப் பெண்கள் தயங்காமல் அழைக்க வேண்டிய எண்கள் இவை.