உடல் முழுதும் பரவும் சொரியாசிஸ்

டில்லியில் தோல் மருத்துவம் பார்க்கும் எனக்குக் குளிர்காலம் வந்தாலே கவலைதான். சொரியாசிஸ் உள்ளவர்கள் சிலர் உச்சி முதல் உள்ளங்கால் வரை சிவந்து, செதில் செதிலாக உதிர, ரஜாய்க்குள்ளும் நடுங்கிக்கொண்டு வந்து சேருவார்கள்.

சித்த மருத்துவத்தில் இதைக் காளாஞ்சகப்படை என்பார்கள். கூட வருபவர்கள் என் காதருகே கேட்பது, "தொட்டால் ஒட்டுமா, டாக்டர்?" ஒட்டவே ஒட்டாது. நம் எதிர்ப்புச் சக்தியே தோலைத் தூண்டிவிடுவதால், ஏறக்குறைய ஒரு மாதத்தில் வளர்ந்து உதிர வேண்டிய தோல் சில நாட்களிலேயே வளர்ந்து குவிகிறது. அவ்வளவே.

பலருக்கு இது முழங்கை, முழங்கால், தலையோடு நின்றுவிடும். தோலில் நூற்றுக்கு 90 பங்கு சிவந்துவிட்டால் அதன் பெயர் எரித்ரோடெர்மா. அப்போது உடலின் சூடும் நீரும் புரதமும் தோல் வழியே வீணாகின்றன. கால் வீங்கும், கிருமி புகும், இதயத்துக்குப் பளு கூடும். இது உயிருக்கே ஆபத்து. உடனே ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும்.

இந்நிலைக்கு ஒரு முக்கியக் காரணம், ஸ்டீராய்டு மாத்திரையையோ ஊசியையோ திடீரென்று நிறுத்துவது. உறவினர்கள் அன்போடு ஊரிலிருந்து அனுப்பும் பெயரில்லாப் பொட்டலங்களிலும் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். முதலில் நன்றாகக் கேட்கும். பொட்டலம் தீர்ந்ததும் நோய் பல மடங்காகத் திரும்பும்.

ஆஸ்பத்திரியில் கதகதப்பான அறை, திரவங்கள், புரத உணவு, உடல் முழுதும் வாஸலின் பூச்சு ஆகியவற்றோடு சிகிச்சை தொடங்கும். சைக்ளோஸ்போரின் விரைவில் பலன் தரும். ரத்த அழுத்தத்தையும் சிறுநீரகத்தையும் கவனிக்க வேண்டும். மெத்தோட்ரெக்ஸேட் வாரம் ஒரே நாள் மட்டும் சாப்பிட வேண்டிய மருந்து. தவறுதலாகத் தினமும் சாப்பிட்டு உயிரிழந்தவர்கள் உண்டு. ஆகவே கிழமையைக் காலண்டரில் குறித்து வையுங்கள். இதைச் சாப்பிடும்போது மது கூடாது, கர்ப்பம் கூடாது. ரத்தமும் கல்லீரலும் சோதிக்கப்பட வேண்டும். இன்ஃப்ளிக்ஸிமாப், செக்குகினுமாப் போன்ற ஊசி மருந்துகளுக்கு முன் காசநோய்ச் சோதனை அவசியம்.

சொரியாசிஸை அடியோடு ஒழிக்க இன்னும் மருந்தில்லை. அடக்கி வைக்க நிறைய உண்டு. வரன் பார்க்கும் நேரம் என்று மறைத்து, வைத்தியத்தைத் தள்ளிப்போடாதீர்கள். அவர்களுக்கென்று தனித் தட்டு, தனித் துண்டும் வேண்டாம். உடல் திடீரென்று சிவந்து நடுக்கம் கண்டால், அடுத்த நாள் வரை காத்திராமல் அழைத்துச் செல்லுங்கள்.