சூளையைத் தாண்டும் நுண்மை

டங்ஸ்டன் உலோகமும் கரியும் ஓர் அணுவுக்கு ஓர் அணுவாக இணைந்து உருவாகும் டங்ஸ்டன் கார்பைடு மிகக் கடினமானது. ஆயினும் தனியே நின்றால் நொறுங்கும் இயல்புடையதாகையால், அதன் பொடியைக் கோபால்ட் பொடியோடு கலந்து, அச்சில் அழுத்தி, கோபால்ட் உருகித் துகள்களிடையே பரவும்படி ஏறத்தாழ 1400 டிகிரி செல்சியஸில் சுட்டெடுக்கிறார்கள். கார்பைடு கல்லாகவும் கோபால்ட் சாந்தாகவும் அமைந்த இக்கலவைக்கு, பெர்லினின் ஒஸ்ராம் விளக்கு நிறுவனத்தில் பணியாற்றிய கார்ல் ஷ்ரோட்டர் 1923-இல் காப்புரிமை கோரினார். விளக்கிழைக்கான கம்பியை இழுக்க உதவிய வைர அச்சுகளின் விலை கட்டுப்படியாகாததே அத்தேடலுக்குக் காரணம். பின்னர் க்ரூப் நிறுவனம் 'வைரத்தைப் போன்றது' என்னும் ஜெர்மன் தொடரைச் சுருக்கி இட்ட 'விடியா' என்ற பெயர், நம் லேத் பட்டறைகளிலும் புழங்குகிறது.

இக்கலவையில் கார்பைடு மணிகள் சிறுக்கச் சிறுக்க, அவற்றிடையே உள்ள கோபால்ட் படலமும் மெலிந்து, கடினமும் வெட்டுமுனையின் கூர்மையும் கூடுகின்றன. மின்னணுச் சுற்றுப்பலகைகளில் மயிரிழை போன்ற துளைகளை இடும் துரப்பணங்களுக்கு நுண்மணிக் கலவை தேவைப்படுவது இதனாலேயே. மணியின் அளவு 200 நானோமீட்டருக்கும் (ஒரு மீட்டரின் நூறு கோடியில் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர்) கீழே இறங்கும்போது அது நானோ வகை எனப்படுகிறது.

வழக்கமான முறையில், டங்ஸ்டன் ஆக்சைடை ஹைட்ரஜனால் உலோகப் பொடியாக்கி, அதைக் கரிப்புகைத் தூளோடு கலந்து 1400 டிகிரிக்கு மேல் நெடுநேரம் சூடேற்றுவார்கள். அவ்வளவு வெப்பத்தில் துகள்கள் ஒட்டிப் பருத்துவிடும். அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் உருவான தெளிப்பு முறையோ, டங்ஸ்டன் உப்பையும் கோபால்ட் உப்பையும் நீரில் கரைத்து, வெப்பக் காற்றில் தெளித்து உலர்த்தி, கார்பன் கலந்த வாயுக்களால் குறைந்த வெப்பத்திலேயே கார்பைடாக மாற்றுகிறது. கலப்பு கரைசலிலேயே நிகழ்ந்துவிடுவதுதான் இதன் சிறப்பு. பிளாஸ்மா முறையில் மூலப்பொருள் ஆவியாகி, நொடிப்பொழுதில் குளிர்ந்து, பருக்க நேரமின்றிப் பொடியாகிறது. எம்முறையாயினும் கார்பைடில் கரியின் எடை 6.13 விழுக்காட்டை ஒட்டி நிற்க வேண்டும். குறைந்தால் நொறுங்கும் கலப்புக் கார்பைடும், மிகுந்தால் மென்மையான கிராஃபைட்டும் கலவைக்குள் புகுந்துவிடும்.

உண்மையில், பொடியை நுண்ணியதாக்குவதைவிட அந்நுண்மையைச் சூளைக்குள் காப்பதே கடினம். உருகிய கோபால்ட்டில் சிறுமணிகள் கரைந்து, அப்பொருள் பெருமணிகளின்மேல் படிவதால், நானோ பொடியிலிருந்து தொடங்கியும் பருமணிக் கலவையே கிடைத்துவிடலாம். எடையில் 1 விழுக்காட்டை ஒட்டிய அளவில் வனேடியம் கார்பைடோ குரோமியம் கார்பைடோ சேர்த்தால், அவை மணியின் விளிம்புகளில் படிந்து இவ்வளர்ச்சியைத் தடுக்கின்றன. கோபால்ட்டே இல்லாத பீங்கான் வகைக்கு, அழுத்தத்தோடு மின்னோட்டத்தையும் செலுத்திச் சில நிமிடங்களில் இறுகச் செய்யும் முறை பெரிதும் உதவுகிறது.

50 நானோமீட்டர் துகள்களாலான ஒரு கிராம் பொடியின் மொத்தப் பரப்பு 7 சதுர மீட்டரைத் தாண்டுவதால், அது காற்றோடு விரைந்து வினைபுரிந்து தீப்பற்றவும் கூடும். அதைவிடக் கவலைக்குரியது அதைக் கையாள்பவரின் நுரையீரல்: கோபால்ட் கலந்த கார்பைடு தூசு கடின உலோக நுரையீரல் நோய்க்குக் காரணமாவதோடு, மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்க வாய்ப்புள்ளதாகவும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையால் 2006-இல் வகைப்படுத்தப்பட்டது. ஆகவே அரைத்தல், சலித்தல், அச்சில் நிரப்புதல் ஆகிய எல்லா நிலைகளிலும் மூடிய கலங்களும் தூசு உறிஞ்சும் அமைப்பும் சூளைக்கு இணையான அடிப்படைக் கருவிகளாகவே கருதப்பட வேண்டும்.